பதிப்பித்த உதவிப் பக்கங்கள் சர்வரில் திறக்க மறுப்பது ஏன்?

வாசகர் கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கணக்கியல் மென்பொருளுக்கான உதவிப் பக்கங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரிக்கிறோம். நான் விண்டோஸ் கணினியிலும் என் சக ஊழியர் மேக்கிலும் வேலை செய்கிறோம். உதவி எழுதும் மென்பொருளிலிருந்தே எஃப்டிபி (கோப்புகளை இணையம் வழியாக அனுப்பும் முறை) வழியாக லினக்ஸ் சர்வருக்குப் பதிப்பிக்கிறோம். சில நாள்களில் அது பாதியில் நின்றுவிடுகிறது. ‘பதிப்பித்தல் முடிந்தது’ என்று செய்தி வரும் நாள்களிலும் சில படங்கள் தெரிவதில்லை. தமிழில் பெயர் வைத்த சில பக்கங்கள் 404 (பக்கம் இல்லை) என்று வருகின்றன. தேடல் பெட்டி வேலை செய்வதில்லை. திருத்திய பக்கங்களின் பழைய வடிவமே சில வாடிக்கையாளர்களுக்குத் தெரிகிறது. எங்கள் இருவரின் கணினிகளிலும் எல்லாம் சரியாகவே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் கணினிகளில் எல்லாம் சரியாக இருப்பதற்குக் காரணம், கோப்புப் பெயர்களில் உள்ள சில பிழைகளை விண்டோஸும் மேக்கும் பொறுத்துக்கொள்வதுதான். லினக்ஸ் அவற்றைப் பொறுத்துக்கொள்வதில்லை. ‘பதிப்பித்தல் முடிந்தது’ என்ற செய்தியையும் அளவுக்கு மேல் நம்பிவிட வேண்டாம். எந்தெந்தக் கோப்புகளை அனுப்ப வேண்டும் என்று அந்த மென்பொருள் தானே முடிவு செய்ததோ, அவற்றை அனுப்பியபோது சர்வர் மறுப்புச் சொல்லவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். அனுப்பாமல் விட்ட கோப்புகளைப் பற்றியோ, போய்ச் சேர்ந்த கோப்புகள் வாசகரின் உலாவிக்கு எப்படிப் பரிமாறப்படுகின்றன என்பதைப் பற்றியோ அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே திறக்காத ஒவ்வொரு பக்கத்துக்கும் முதலில் ஒரே ஒரு கேள்விக்கு விடை காணுங்கள்: அந்தக் கோப்பு, எழுத்துக்கு எழுத்து அதே பெயரில், சர்வரில் இருக்கிறதா? இல்லையென்றால் கோளாறு கோப்பை அனுப்பும் வழியிலோ பெயரிலோ இருக்கிறது. இருந்தும் 403 (அனுமதி இல்லை) என்று வந்தால் அது படிக்கும் உரிமை தொடர்பானது. கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என்று உரிமையை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கோப்பு முழுமையாக இருந்து, 200 (வெற்றி) என்ற பதிலும் வந்து, பக்கம் மட்டும் தவறாகத் தெரிந்தால், தேட வேண்டிய இடம் உலாவியும் அதன் சேமிப்பும் (முன்பு இறக்கிய பக்கங்களின் நகல்). உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மீண்டும் ஏற்றினால், எந்தக் கோப்புக்கு எந்த எண் பதிலாக வந்தது என்பதை வரிசையாகப் பார்க்கலாம். இந்தப் பட்டியலைப் பார்க்காமல் மென்பொருளின் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது, பழுது எங்கே என்று தெரியாமல் சுவரெல்லாம் இடிப்பதைப் போன்றது.

படங்கள் தெரியாததற்கு மிகப் பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமே காரணம். படக்கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க, பக்கத்தில் உள்ள இணைப்பு சிறிய எழுத்தில் இருந்தால், விண்டோஸும் இயல்பான அமைப்பில் உள்ள மேக்கும் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸுக்கு அவை இரு வேறு கோப்புகள். கேமராவோ திரையைப் படம்பிடிக்கும் மென்பொருளோ கோப்புப் பெயரின் பின்னொட்டை (.jpg போன்றவை) பெரிய எழுத்தில் வைத்துவிடும்போது இது சத்தமில்லாமல் நுழைந்துவிடும். எல்லாக் கோப்புப் பெயர்களையும் சிறிய எழுத்தாக மாற்றும் தேர்வு பல உதவி எழுதும் மென்பொருள்களில் உண்டு. அதை இயக்கிவிட்டு முழுவதையும் புதிதாக உருவாக்குங்கள். கையால் மாற்றுவதானால், விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை மட்டும் மாற்றிப் பெயரிட்டதைச் சில கருவிகள் மாற்றமாகவே கருதுவதில்லை என்பதால், முதலில் முற்றிலும் வேறொரு பெயரிட்டு, பிறகு சரியான பெயருக்குக் கொண்டுவருவது நல்லது.

தமிழ்ப் பெயர் கொண்ட பக்கங்களின் கதை இதைவிட நுட்பமானது. நம் மொழிக்கு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ‘கொள்முதல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு ஐந்து எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையான யூனிகோடில் அது ஒன்பது குறியீடுகள்: ககரம், ஒகரக் குறி, ளகரம், புள்ளி என்று தொடங்கி லகரப் புள்ளி வரை. ஆனால் அந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ முதலாவது ஒன்பது குறியீடுகள் கொண்ட பெயர், இரண்டாவது பத்துக் குறியீடுகள் கொண்ட பெயர். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று உயிர்மெய்க் குறிகளுக்கும், ஔ என்ற உயிரெழுத்துக்கும் இந்த இரட்டை வடிவம் உண்டு. ஆகவே உங்களிடம் 404 என்று வரும் பக்கங்களின் பெயர்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் ‘கொ’, ‘போ’, ‘தொ’ போன்ற எழுத்துகளே இருந்து, ‘விற்பனை’, ‘வரி’ போன்ற பெயர்கள் சரியாகத் திறந்தால், காரணம் இதுதான் என்று ஏறத்தாழ உறுதி செய்துகொள்ளலாம்.

இது பெரும்பாலும் உங்கள் சக ஊழியரின் மேக் வழியாகவே வந்திருக்கும். மேக்கின் பழைய கோப்பு முறையான ஹெச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைத் தானாகவே பிரித்த (குறியை இரண்டு குறியீடுகளாக எழுதும்) வடிவத்துக்கு மாற்றிச் சேமித்தது. புதிய ஏபிஎஃப்எஸ் நீங்கள் தந்த வடிவத்தை மாற்றுவதில்லை என்றாலும், தேடும்போது இரு வடிவங்களையும் ஒன்றாகவே கொள்ளும். அதனால் மேக்கில் இணைப்பு முறியாது. லினக்ஸ் சர்வருக்கு வந்ததும் முறியும். பழைய எழுத்துரு முறைகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் சில மாற்றிகளும், சில விசைப்பலகை அமைப்புகளும் பிரித்த வடிவத்தை உண்டாக்குவதுண்டு. ஏற்கெனவே சர்வரில் உள்ள பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவர, லினக்ஸில் கான்வ்எம்வி என்ற சிறிய கருவி உதவும். முதல் முறை இயக்கும்போது அது எதையும் மாற்றாமல், எவற்றை மாற்றப்போகிறது என்ற பட்டியலை மட்டும் காட்டும். அந்தப் பட்டியலைப் படித்த பிறகே மாற்ற அனுமதி கொடுங்கள். பக்கங்களுக்குள் இருக்கும் இணைப்புகளும் அதே வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு எல்லையும் உண்டு. யூனிகோடைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. ‘கொள்முதல்’ 27 பைட். இணைய முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரிவதால், அந்தச் சிறிய சொல் 81 எழுத்துகளாகிவிடுகிறது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஒரு பெயருக்கு உச்ச வரம்பு 255 பைட். அதாவது பின்னொட்டையும் கணக்கில் கொண்டால் எண்பத்தைந்துக்கும் குறைவான தமிழ்க் குறியீடுகள். விண்டோஸில் பைட்டுகளாக அன்றிக் குறியீட்டு அலகுகளாக எண்ணப்படுவதால் அங்கே நீண்ட தமிழ்த் தலைப்பே கோப்புப் பெயராக இருக்க முடியும். சர்வர் அதை ஏற்க மறுத்துவிடும். தலைப்பிலிருந்து கோப்புப் பெயரைத் தானாக உருவாக்கும் மென்பொருள்களில் இது அடிக்கடி நேரும்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது என் பரிந்துரை இது: பக்கத்தின் தலைப்பு, உள்ளடக்கம், பட்டியல் யாவும் தமிழில் இருக்கட்டும், கோப்பின் பெயர் மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளாலும் எண்களாலும் இடைக்கோட்டாலும் ஆனதாக, இடைவெளி இல்லாததாக இருக்கட்டும். தமிழ் முகவரிகள் பெருக வேண்டும் என்று விரும்புகிறவன்தான் நான். ஆயினும் இரண்டு இயங்குதளங்களில் தயாராகி, எஃப்டிபி வழியே மூன்றாவது இயங்குதளத்துக்குப் போகும் கோப்புகளில் அந்த விருப்பத்தை நிறைவேற்றப் போனால், அதன் விலையை அவசரமாக உதவி தேடி வரும் வாசகர் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனிப் பாதியில் நிற்பதைப் பார்ப்போம். எஃப்டிபி, இன்று வழங்கும் வடிவில் 1985-இல் வரையறுக்கப்பட்ட நெறிமுறை. கட்டளைக்கு ஓர் இணைப்பும், ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி இணைப்பும் அது வைத்துக்கொள்கிறது. உள்நுழைவு வெற்றி பெற்று, கோப்புப் பட்டியல் கேட்கும்போது உறைந்து நின்றாலோ 425 என்று வந்தாலோ, தரவுக்கான அந்த இரண்டாம் இணைப்பைத் தீயரண் (ஃபயர்வால்) தடுக்கிறது என்று பொருள். தரவு இணைப்பையும் உங்கள் கணினியே தொடங்கும் ‘பாஸிவ்’ முறைக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் நின்றால், அந்த முறைக்கான போர்ட்டுகளை (இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாயில்களை) திறந்துவிடும்படி சர்வரைக் கவனிப்பவரிடம் கேளுங்கள். 421 என்று வந்தால் ஒரே நேரத்தில் திறக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். 550 பெரும்பாலும் உரிமையையும், 552 ஒதுக்கிய இடம் தீர்ந்ததையும், 553 ஏற்க முடியாத கோப்புப் பெயரையும் குறிக்கும். இந்த எண்கள் மென்பொருளின் பதிவுக் கோப்பில்தான் இருக்கும், திரையில் வரும் செய்தியில் இராது.

இடம் தீர்வதிலும் ஒரு மறைவான வகை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் உதவித் தளத்துக்காக இரண்டு நாள் இதைத் தேடி அலைந்தேன்: பல ஜிகாபைட் காலியாக இருக்க, ‘இடமில்லை’ என்று சர்வர் மறுத்துக்கொண்டே இருந்தது. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு எனப்படும் பதிவு ஒன்று வேண்டும். ஈஎக்ஸ்டி4 முறையில் அவற்றின் எண்ணிக்கை வட்டைத் தயார் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. உதவித் தளம் என்பது ஆயிரக்கணக்கான மிகச் சிறிய கோப்புகளால் ஆனது. பழைய பதிப்புகளை அழிக்காமல் அடுக்கிக்கொண்டே போனால், இடம் தீர்வதற்கு முன்பே ஐநோடுகள் தீர்ந்துவிடும். டிஎஃப் கட்டளையை ஐ என்ற விருப்பத்துடன் இயக்கினால் இந்தக் கணக்கு தெரியும்.

முடிந்தால் எஃப்டிபியை விட்டு, எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறுங்கள். கடவுச்சொல் வெளிப்படையாகப் பயணிக்காது. எல்லாம் 22-ஆம் போர்ட்டில் ஒரே இணைப்பில் நடப்பதால் தீயரண் சிக்கலும் குறையும். மாறிய பிறகு, கடவுச்சொல்லுக்குப் பதிலாக உள்நுழையப் பயன்படுத்தும் உங்கள் சாவியைச் சர்வர் ஏற்க மறுத்தால், உதவி எழுதும் மென்பொருளின் வயதைப் பாருங்கள். சர்வர்களில் எஸ்எஃப்டிபியை இயக்கும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளின், 2021 செப்டம்பரில் வந்த 8.8 பதிப்பு முதல், எஸ்ஹெச்ஏ-1 அடிப்படையிலான பழைய ஆர்எஸ்ஏ கையொப்பம் இயல்பாகவே மறுக்கப்படுகிறது. சர்வரின் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்வதற்கு முன், உங்கள் தரப்பில் உள்ள மென்பொருளைப் புதுப்பிக்க முடியுமா என்று பாருங்கள்.

தேடல் பெட்டியை இரண்டு விதமாகச் சோதியுங்கள். தேடச் சொன்னதும் எதுவுமே நடக்காமல் நிற்கிறது என்றால், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று குறிக்கும் சொல்லடைவுக் கோப்பு போய்ச் சேரவில்லை அல்லது அரைகுறையாகச் சேர்ந்திருக்கிறது. உதவித் தளத்தின் மிகப் பெரிய கோப்புகளில் அதுவும் ஒன்று என்பதால், பாதியில் நிற்கும் பதிவேற்றத்தில் அடிபடக்கூடியதும் அதுதான். உங்கள் கணினியில் உள்ள அளவையும் சர்வரில் உள்ள அளவையும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். ஆங்கிலச் சொற்கள் கிடைத்து, தமிழ்ச் சொற்கள் மட்டும் கிடைக்கவில்லை என்றால், சர்வரில் தேடிப் பயனில்லை. ஜாவாஸ்கிரிப்டில் ‘சொல்லெழுத்து’ என்பதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் சுருக்கக் குறி ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே எழுத்தாகக் கொள்கிறது. எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோடு வகையைப் பயன்படுத்தினாலும், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனியாகச் சேர்க்காவிட்டால், ‘கொள்முதல்’ துண்டு துண்டாக உடைந்துபோகும். இதைத் தேடல் நிரலில்தான் திருத்த வேண்டும். எத்தனை முறை மறுபதிப்புச் செய்தாலும் தீராது.

பழைய பக்கம் தெரிவது உலாவியின் சேமிப்பினால். எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம் என்று சர்வர் சொல்லாதபோது, உலாவி தானாக ஒரு காலத்தைக் கணிக்கிறது. கடைசியாகத் திருத்தப்பட்டு எவ்வளவு நாளாயிற்றோ அதில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு. நூறு நாளாக மாறாத பக்கத்தை ஒருவர் நேற்றுப் பார்த்திருந்தால், நீங்கள் இன்று திருத்தினாலும் அவருடைய உலாவி இன்னும் பல நாள்கள் சர்வரைக் கேட்காமலே இருக்கலாம். கண்ட்ரோல், எஃப்5 விசைகளைச் சேர்த்து அழுத்தச் சொல்வது ஒருவருக்கு உதவும். எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்ல முடியாது. ஹெச்டிஎம்எல் பக்கங்களுக்கும் தேடல் அடைவுக்கும் சர்வர் பக்கத்தோடு அனுப்பும் கேஷ்-கண்ட்ரோல் என்ற குறிப்பில் ‘நோ-கேஷ்’ என்று வைக்கும்படி சர்வரைக் கவனிப்பவரிடம் சொல்லுங்கள். பெயர் அச்சுறுத்தினாலும், சேமிக்காதே என்பது அதன் பொருளன்று. சேமித்ததைக் காட்டுமுன் ஒரு முறை கேட்டுக்கொள் என்பதே. மாறாத பக்கங்களுக்கு ‘மாறவில்லை’ என்னும் 304 என்ற சிறு பதிலே போகும் என்பதால் வேகம் பெரிதாகக் குறையாது. இடையில், பக்கங்களின் நகல்களைப் பல இடங்களில் வைத்துப் பரிமாறும் சிடிஎன் சேவை இருந்தால் அதன் சேமிப்பையும் ஒவ்வொரு பதிப்புக்கும் துடைக்க வேண்டும்.

கடைசியாக, பதிப்பிக்கும் முறையையே மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். உதவி எழுதும் மென்பொருள் உங்கள் கணினியில் உள்ள காலியான கோப்புறையில் முழு வெளியீட்டையும் உருவாக்கட்டும்; அங்கே அதன் வேலை முடியட்டும். சர்வருக்கு அனுப்புவதை, கோப்புறைகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் போன்ற கருவியிடம் விடுங்கள். அதன் ஒத்திகை விருப்பம் எவை போகும், எவை நீங்கும் என்பதை முன்கூட்டியே காட்டும். நேர முத்திரையை நம்பாமல் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் விருப்பமும் அதில் உண்டு. வாசகர்கள் பார்க்கும் கோப்புறையின் மேலேயே எழுதாமல், பதிப்பு எண்ணோ தேதியோ தாங்கிய புதிய கோப்புறைக்கு அனுப்பி, இணைப்புச் சோதனை ஒன்றை அதன் மேல் இயக்கி, 404 எதுவும் இல்லை என்று கண்ட பிறகு, வாசகர்களை நடப்புக் கோப்புறைக்குக் கொண்டுபோகும் குறியிணைப்பை (சிம்லிங்க்) புதிய கோப்புறைக்குத் திருப்பிவிடுங்கள். பதிவேற்றம் பாதியில் நின்றாலும் வாசகருக்குப் பழைய முழுத் தளமே தெரியும். முந்தைய ஒரு பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கும் பழையவற்றை அழித்துவிடுங்கள். ஐநோடு கணக்கும் கட்டுக்குள் இருக்கும், ஏதேனும் தவறினால் குறியிணைப்பை ஒரு கட்டளையில் பின்னோக்கித் திருப்பவும் முடியும்.