பவானியில் ஜமக்காளக் கடைச் சுவரில், ஆள் நடந்தால் பட்டைகள் நெளிகிற டிஜிட்டல் ஓவியம் செய்ய முடியுமா?

கேட்டிருப்பது இது: ஆடிப்பெருக்குக்குக் கூடுதுறை போகிற கூட்டம் கடை வாசலைக் கடக்கும்போது, 8 அடி அகலச் சுவரில் புரொஜெக்டர் காட்டும் ஜமக்காளப் பட்டைகள் அவர்கள் நடைக்கேற்ப நெளிய வேண்டும். கையில் லேப்டாப்பும் வெப்கேமும் இருக்கின்றன, பி5.ஜேஎஸ் (உலாவியில் ஓவியம் வரைய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு) கொஞ்சம் தெரியும்.

தாராளமாக முடியும். பி5.ஜேஎஸ் போதும், நிரல் நூறு வரியைத் தாண்டாது. சிரமமெல்லாம் வெளிச்சத்தில்தான், அதனால் முதலில் கேமராவுக்கு இடம் பாருங்கள்.

சுவரை நோக்கி வைக்கவே கூடாது. பட்டை அசைவதையே ஆள் நடமாட்டம் என்று கேமரா எடுத்துக்கொள்ளும், அதனால் பட்டை இன்னும் அசையும். தெருவில் ஒருவரும் இல்லாமலே விடிய விடிய ஆடிக்கொண்டிருக்கும். தெருவை நோக்கி வைத்தால் ஒவ்வொரு பைக் ஹெட்லைட்டுக்கும் சுவர் முழுக்கக் குலுங்கும். சன்ஷேடுக்கு அடியில் 9 அடி உயரத்தில், நேராகத் தரையைப் பார்க்கும்படி பொருத்துங்கள். 60 டிகிரி பார்க்கும் வெப்கேமுக்கு அங்கிருந்து தரையில் சுமார் 10 அடி அகலம் தெரியும். 5 அடி உயரத்தில், அதாவது தலைமட்டத்தில், நாலரை அடிதான் தெரியும். ஓரமாகப் போகிறவர்களின் கால் மட்டும் சிக்கும், அது போதும்.

சுவரிலிருந்து சிதறும் வண்ண ஒளி தரையிலும் விழும். அதை அமுக்க, தரைக்கென்று அணையாமல் எரியும் ஒரு எல்இடி பல்பு போடுங்கள், சுவரில் படாதபடி மறைப்பு வைத்து. கேமரா அமைப்பில் தானியங்கி எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்சத்துக்கேற்ப கேமரா தானே பொலிவை மாற்றுவதை, அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வந்தாலே படம் முழுக்க இருட்டாகி, எல்லாப் பட்டையும் அசையும். பவர்லைன் ஃப்ரீக்வென்சி 60 என்றிருந்தால் 50 ஹெர்ட்ஸாக மாற்றுங்கள். நம் மின்சாரம் 50 என்பதால், 60-ல் விட்டால் படத்தில் கோடுகள் ஊர்ந்து அவையும் அசைவாகக் கணக்காகும்.

இனி நிரல். முதல் வரியிலேயே பிக்சல்டென்சிட்டி (திரையின் ஒரு புள்ளிக்கு எத்தனை பிக்சல் என்ற அமைப்பு) 1 என்று வையுங்கள். மறந்தால் நுண்திரை லேப்டாப்பில் பிக்சல் வரிசை நான்கு மடங்காகி, உங்கள் எண் கணக்கு தப்பான புள்ளியைப் படிக்கும். கேமரா படத்தை 64க்கு 48 ஆகச் சுருக்குங்கள். மொத்தம் 3,072 புள்ளிகள்தான், பழைய லேப்டாப்பும் தாங்கும். ஒவ்வொரு புள்ளியின் பொலிவையும் முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் 25-க்கு மேல் போனால் அசைவு என்று கொள்ளுங்கள். 25 ஒரு தொடக்கம்தான். சரியான எண்ணைக் கடை வாசலில், இருட்டிய பிறகு பார்த்து முடிவு செய்யுங்கள். 64 நெடுவரிசைகளுக்கும் தனித்தனியாக அசைவைக் கூட்டினால், எந்த இடத்தில் ஆள் போகிறார் என்பது கிடைத்துவிடும். இடது வலது மாறித் தெரிந்தால் நெடுவரிசை எண்ணை (0 முதல் 63 வரை) 63-லிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: பி5-இல் படம் வரையும் ‘டிரா’ பகுதி வழக்கமாக நொடிக்கு 60 முறை ஓடும், வெப்கேம் பெரும்பாலும் 30 படம்தான் தரும். ஒரே படத்தை இருமுறை ஒப்பிட்டால் இரண்டாவது முறை வித்தியாசம் பூஜ்ஜியம், அதனால் பட்டைகள் நடுங்கும். டிரா ஓடும் வேகமான ஃப்ரேம்ரேட்டை 30 ஆக்குங்கள். பிறகு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு ‘நெளிவு’ எண் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதை 0.95-ஆல் பெருக்கிப் புது அசைவைக் கூட்டுங்கள். அரை நொடிக்குள் நெளிவு பாதியாகும், துணி அமர்வது போலவே இருக்கும். 0.8 வைத்தால் வெடுக்கென்று நின்றுவிடும்.

பட்டைகளைக் கற்பனையாகப் போடாதீர்கள். கடையில் இருக்கும் ஒரு ஜமக்காளத்தை நிழலில் விரித்துப் படமெடுத்து அதிலிருந்து வண்ணம் எடுங்கள், பட்டை அகலத்தை டேப் பிடித்து அளந்து அதே விகிதத்தில் வையுங்கள். பவானிக்காரர்கள் கண்ணுக்கு ஒரு பட்டை தப்பினாலும் தெரியும். அடுத்தடுத்த இரு பட்டைகளும் ஒரே விளிம்புப் புள்ளிகளைப் பகிர வேண்டும். அப்படியும் நடுவே மயிரிழை இடைவெளி தெரியும், அந்தந்த நிறத்திலேயே 1 பிக்சல் ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) கொடுத்தால் மறைந்துவிடும். நெளிவு, பட்டை அகலத்தில் பாதிக்குக் கீழேயே இருக்கட்டும். மீறினால் விளிம்புகள் ஒன்றையொன்று தாண்டி வண்ணம் மடியும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், வெப்கேம் எம்மாத்திரம்? பந்தல் மூங்கிலில் கட்டாமல் சுவரில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வாசலில் தொங்கும் துணி கேமரா பார்வைக்குள் வராமல் படத்தின் ஓரங்களை வெட்டிவிடுங்கள். புள்ளிகளில் 80 சதவீதம் ஒரே படத்தில் மாறினால் அது வெளிச்சம் மாறியது, அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் ஒரே படத்தில் அத்தனை மாறுவது அரிது.

புரொஜெக்டரின் த்ரோ விகிதம் (சுவரிலிருந்து தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் 8 அடிப் படத்துக்கு 12 அடி தூரம் வேண்டும், நடப்பவர் நிழல் குறுக்கே விழும். 0.5 விகிதமுள்ள ஷார்ட் த்ரோவை வாடகைக்கு எடுத்தால் 4 அடியில் முடிந்துவிடும்.

பி5 கோப்பை இறக்கி லோக்கல்ஹோஸ்டில், அதாவது உங்கள் லேப்டாப்பிலேயே இயங்கும் சர்வரில், ஓட்டுங்கள். நெட் போனாலும் ஓவியம் நிற்காது. லேப்டாப் தூங்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். தறி ஊரில் பஞ்சுத் தூசி புரொஜெக்டர் ஃபில்டரை அடைத்து, சூடேறித் தானே அணைந்துபோகும். தினமும் போடுவதற்கு முன் ஃபில்டரைக் கழற்றித் தட்டிவிடுங்கள்.