பெட்டி இருக்க, மிலாறுக் கட்டில் முட்டையா?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். குஞ்சாக வாங்கி வளர்த்த எட்டு சிவப்புக் கோழிகளுக்கு இப்போது ஐந்து மாதம். முட்டை போடத் தொடங்கிவிட்டன. கூட்டுக்குள் மூன்று பெட்டி அடித்து வைத்திருக்கிறோம். ஒன்று கூட அதில் போடவில்லை. சிலது கூட்டு மூலையில், சிலது மிலாறுக் கட்டுக்கு (காய்ந்த தேயிலைக் குச்சி விறகு) பின்னால், சிலது தேயிலைச் செடிக்கு அடியில். ராத்திரியில் மட்டும் இரண்டு கோழி பெட்டிக்குள் போய்ப் படுத்து அசிங்கம் பண்ணி வைக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பாதிப் பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. கோழி எப்போதும் உயரமான இடம் பார்த்துத்தான் உறங்கும். பெட்டியில் போய்ப் படுக்கிறது என்றால், கோழி உட்காரும் கம்பை விடப் பெட்டி உயரத்தில் இருக்கிறது, அல்லது இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. பெட்டியைத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு இறக்குங்கள். கம்பு அதற்கு மேலே ஒரு அடியாவது இருக்கட்டும். பெட்டியின் மேல்பலகையைச் சரிவாக அடித்துவிட்டால் அதன் மேலும் ஏறி உட்காராது. பழக்கம் மாறும் வரை பொழுது சாய்ந்ததும் பெட்டி வாயைச் சாக்கால் மூடி, விடியுமுன் திறந்துவிடுங்கள்.

இனி முட்டை விஷயம். முட்டை போடப் போகிற கோழியை ஒரு நாள் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். தீனியை விட்டுவிட்டு அங்கும் இங்கும் நடக்கும். ஒரு மாதிரி இழுத்து முனகும். ஒவ்வொரு மூலையிலும் தலையை விட்டுப் பார்க்கும். ஒரு தடவை என்னுடைய பேடு ஒன்று விறகுக் கட்டுக்குப் பின்னால் ஐந்து முறை போய்விட்டு வந்து, ஆறாவது முறைதான் உட்கார்ந்தது. அது பிடிவாதம் இல்லை. இருட்டாக, காய்ந்து, யார் கண்ணிலும் படாத இடமாக இருக்கிறதா என்று பார்க்கிறது. மிலாறுக் கட்டுக்குப் பின்னால் அந்த மூன்றுமே இருக்கிறது. உங்கள் பெட்டியில் இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்காது. நாம் நம் வசதிக்காகக் கதவுக்கு நேரே, வெளிச்சத்தில் பெட்டியை வைத்துவிடுகிறோம். வாயை உள்சுவர்ப் பக்கம் திருப்புங்கள். மேல் பாதிக்குச் சாக்குத் துண்டு ஒன்றைத் திரை மாதிரித் தொங்கவிடுங்கள். நீள, அகல, உயரம் ஒவ்வொன்றும் ஒரு அடி இருந்தால் போதும். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி கணக்கு, ஆகவே மூன்று தாராளம். பெட்டிகூடத் தேவையில்லை, பழைய கொழுந்துக் கூடையைச் சாய்த்து வைத்தாலும் கோழி சந்தோஷமாகப் போகும்.

உள்ளே போடுவதற்கு மரச்சீவல் நல்லது. கிடைக்காவிட்டால் தோட்டத்தில் வளரும் வாசனைப் புல்லான மானாப்புல்லை அடுப்புக்கு மேலே காயவைத்து, துண்டாக வெட்டி, கசக்கிப் போடுங்கள். நாலு விரல் கனம் வேண்டும். சரிந்து விழாமல் இருக்க முன்பக்கம் ஒரு சின்னப் பலகை. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை உங்கள் பக்கம் மழையும் பனிமூட்டமும் விடாது, புல் இரண்டு நாளில் சொதசொதத்து பூஞ்சணம் பிடித்துவிடும். ஈரப் பெட்டியைக் கோழி தொடாது. கை விட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பொய் முட்டை வையுங்கள். மரத்தில் கடைந்தது, வெள்ளை பூசிய உருண்டைக் கல், டேபிள் டென்னிஸ் பந்து, எதுவானாலும் சரி. நுவரெலியாப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் கோல்ஃப் பந்து கேட்டுப் பாருங்கள்! ஏற்கெனவே முட்டை கிடக்கிற இடத்தைப் பத்திரமான இடம் என்று கோழி எடுத்துக்கொள்ளும். அதே காரணத்துக்காகத்தான் மூலையில் கிடக்கும் முட்டையை உடனே எடுக்கச் சொல்கிறேன். ஒன்று கிடந்தால் அடுத்ததும் அங்கேதான். அந்த மூலையில் ஒரு கல்லையோ பலகையையோ வைத்து அடைத்துவிடுங்கள்.

இதெல்லாம் செய்தும் காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் பயனில்லை. பெரும்பாலான முட்டை விடிந்ததிலிருந்து 11 மணிக்குள் வந்துவிடும். நீங்களோ காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் கதவைத் திறந்துவிட்டுப் போவீர்கள். கோழி நேரே தேயிலைக்குள் போய்விடும். பத்துப் பதினைந்து நாளைக்குத் தண்ணீரும் தீனியும் உள்ளே வைத்து, 11 மணி வரை அடைத்து வையுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். யாரும் இல்லையா, பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்கு வரும்போது திறந்தால் போதும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் வேலை செய்யும்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி டோர்ச் அடித்துப் பெட்டிப் பலகையின் இடுக்குகளைப் பாருங்கள். ஊசிமுனை அளவில் சிவப்பாக ஏதாவது ஊர்ந்தால் அது செல் என்கிற சிறு உண்ணி. பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரியில் கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். அப்படிப்பட்ட பெட்டிக்குள் கோழி எப்படிப் போகும்? புல்லை எரித்துவிட்டு, பலகையைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒரு தடவை. மானாப்புல் வாசத்துக்குச் செல் வராது என்பார்கள். அதை நம்பிக் கழுவாமல் இருந்துவிடாதீர்கள்.

இளம் பேடுகள் முதல் இரண்டு வாரம் நேரம் தெரியாமல், நின்ற இடத்தில் போடுவதும் உண்டு. அதற்காகத் துரத்தவோ சத்தம் போடவோ வேண்டாம். மூலையில் உட்காரப் பார்ப்பதை மெதுவாகத் தூக்கிப் பெட்டிக்குள் விடுங்கள். எட்டில் ஒன்று பழகிவிட்டால் மற்றவை அதைப் பார்த்துப் பின்னால் போகும்.

தேயிலைக்கு அடியில் ஏற்கெனவே குவிந்து கிடப்பவற்றை எடுத்தால் அப்படியே சட்டியில் உடைத்துவிடாதீர்கள். தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: படுத்துக் கிடப்பது புதிது, நிமிர்ந்து நிற்பது பழசு, மிதப்பதைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கீரி மோப்பம் பிடித்து வரும்.