யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் ஃபோர்க் (முன்சக்கர ஷாக்): புது ஆயில் சீல் போட்டும் ஏன் மறுபடி கசிகிறது?
பெரும்பாலும் கோளாறு சீலுக்குள் ஏறி இறங்கும் பைப்பில்தான். குரோம் பூச்சில் துருப்புள்ளி இருந்தால், ஃபோர்க் அமுங்கும்போதெல்லாம் அது சீலின் உதட்டை (ரப்பர் விளிம்பை) கிழிக்கும். நகத்தால் தடவிப் பாருங்கள். லேசான சொரசொரப்பை 2000 நம்பர் எமரித் தாளில் ஆயில் தொட்டுத் தேய்த்து எடுக்கலாம். நகம் சிக்கும் அளவு குழி என்றால் பைப்பையே மாற்ற வேண்டும். பைப்பை மாற்றாமல் சீல் மட்டும் வாங்குவது வீண் செலவு.

கழற்றும்போது மேல் மூடியைத் தொடுமுன் அடி ஆலன் போல்ட்டைத் தளர்த்துங்கள். ஸ்பிரிங் அழுத்தம் இருந்தால்தான் டேம்பர் ராட் (அந்த போல்ட் பிடிக்கும் உள்தண்டு) கூடவே சுற்றாது. பழைய சீலை நெம்பும்போது சீல் உட்காரும் அலுமினியக் குழாயின் விளிம்பில் துணி வையுங்கள். உள்சுவரில் கீறினால் அந்த வழியாகவும் ஒழுகும்.

புது சீலில் சின்ன வளைய ஸ்பிரிங் தெரியும் பக்கம் கீழே. பைப் முனையில் பாலிதீன் உறை சுற்றி, ஆயில் தடவி இறக்குங்கள். பழைய சீலை மேலே வைத்துச் சுற்றிலும் தட்டினால் நேராக உட்காரும்; சர்க்லிப் (சீலைப் பிடிக்கும் கம்பி வளையம்) உட்காரும் பள்ளம் முழுதும் தெரியும்வரை தட்டுங்கள். அடி ஆலன் போல்ட்டுக்குப் புது செம்பு வாஷர் போடுங்கள். இரு பக்கமும் ஆயில் ஒரே அளவு.