நாலரை மணிக்கு மேல்

அன்புள்ள ஐயா,

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். அவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸில் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் இருந்ததென்று பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். எட்டு மாதப் பழக்கமாம். இரண்டு தடவை கஞ்சாவும் இழுத்திருக்கிறான். டிசி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்பில் வாலிபாலை நிறுத்திவிட்டு இரண்டு டியூஷனில் சேர்த்தோம். அங்கேதான் சேர்க்கை சரியில்லாமல் போய்விட்டது. மூளை 25 வயதுவரை வளரும், அதற்குள் போதை ஏறினால் போனது போனதுதான் என்று யூடியூபில் ஒரு டாக்டர் சொல்கிறார். என் பிள்ளையின் மூளை கெட்டுவிட்டதா? ஸ்கேன் எடுத்தால் தெரியுமா? இந்தச் சினிமாக்காரர்களை நீங்களாவது தட்டிக்கேட்கக் கூடாதா? அவன் படித்துத் திருந்துகிற மாதிரி ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

வி., திண்டுக்கல்

அன்புள்ள வி.,

இந்த மாதிரிக் கடிதங்களுக்குத் தனியாகத்தான் பதில் போடுவேன். உங்களிடம் கேட்டுக்கொண்டு இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன அந்த வாலிபால் வரி. கொஞ்ச நாளாகவே அதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் உங்கள் பயம். ஸ்கேன் வேண்டாம். ஆராய்ச்சிக்காரர்கள் நூற்றுக்கணக்கான பேரை ஸ்கேன் செய்து சராசரி பார்க்கிறார்கள். ஒரு பையனின் படத்தை வைத்துக்கொண்டு இவன் மூளை கெட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. 25 என்பதும் அன்றைக்குக் காலையில் மூளை முடிந்து கதவடைக்கும் தேதியில்லை. அந்த வயதுகளில் நடப்பது வளர்ச்சி மட்டுமல்ல, கழிப்பும்தான். ஹட்டன்லாக்கர் என்ற மருத்துவர் 1979இல், இறந்தவர்களின் மூளைகளில் நரம்பிணைப்புகளை எண்ணிப் பார்த்து எழுதினார்: சிறுபிள்ளையிடம் இருப்பதைவிடப் பெரியவர்களிடம் அவை குறைவு. புழங்குகிற இணைப்பு நிலைக்கிறது, புழங்காதது உதிர்கிறது. ஆசைப்படும் பகுதி முன்பே முழு வேகத்தில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. 'இரு, யோசி' என்று சொல்லவேண்டிய நெற்றிப் பகுதி கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. இந்த இடைவெளியில்தான் கூல் லிப் நுழைகிறது. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே சின்னப் பொட்டலம். புகையில்லை, துப்பவேண்டாம், வாயில் புதினா வாசனை. பையன் முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம். நிகோடின் போய் உட்காரும் ஏற்பிகளை மூளை இன்னும் கூட்டிக்கொள்கிறது, அவை நாளைக்கும் கேட்கின்றன. பெரியவர்களைவிட இந்த வயதில் அது சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. ஆனால் நிறுத்தினால் அந்தக் கணக்கு இறங்கவும் செய்கிறது. சில வாரம் எரிந்து விழுவான், தூங்கமாட்டான், புத்தகத்தில் மனம் நிற்காது. அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கஞ்சா விஷயத்தில் உங்களைச் சும்மா சமாதானப்படுத்தமாட்டேன். நியூசிலாந்தின் டுனெடினில் 1,037 பேரைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்தார்கள். பதின்வயதில் ஆரம்பித்து விடாமல் புகைத்தவர்களுக்கு 38 வயதில் ஐ.க்யூ. 8 புள்ளி வரை இறங்கியிருந்ததாக 2012இல் எழுதினார்கள். வறுமையைக் கணக்கில் சேர்த்தீர்களா என்று அதை மடக்கியவர்களும் உண்டு. ஸ்வீடனில் ராணுவத்துக்கு எடுத்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பற்றி 1987இல் வந்த ஆய்வில், 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களிடம், புகைக்காதவர்களைவிட மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு. உங்கள் மகன் இரண்டு தடவை. மூளை போய்விட்டது என்று அவன் காதுபட அழுவதை நிறுத்துங்கள். போனதுதான் போய்விட்டதே என்று நினைக்கிற பையனுக்கு மூன்றாவது தடவை என்ன பயம்?

சினிமாவை விட்டுத்தள்ளுங்கள். சேர்க்கையைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கூட இருந்த பையனின் அம்மா எனக்குக் கடிதம் எழுதினால் அதில் உங்கள் பிள்ளைதான் சேர்க்கை. நாம் பெற்றது தங்கம், ஊரான் பெற்றது துரு என்ற இந்தப் பேச்சு எத்தனை வீட்டில் எத்தனை வருஷமாக! 2005இல் அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் இருவரும் ஆட்களைக் கம்ப்யூட்டரில் கார் ஓட்டவிட்டார்கள். தனியாக ஓட்டும்போது எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி. கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தால் 16 வயதுக்குள் இருந்தவர்கள் கன்னாபின்னாவென்று ஓட்டினார்கள். 24 தாண்டியவர்களிடம் மாற்றமே இல்லை. கெட்ட கூட்டாளிகளைத் தேடிப்பிடித்து உட்காரவைக்கவில்லை. சும்மா கூட்டாளிகள்தான். பார்க்க ஆள் இருந்தால் போதும், அந்த வயதில் ரத்தம் குதிக்கும்.

குதிக்கட்டுமே. எங்கே குதிப்பது? ஒரு செட் முடிய இரண்டு பாயின்ட் இருக்கும்போது, ஊரே பார்க்க, நெட்டுக்கு மேலே எழும்பி அடிக்கிற அடியில் அதே குதிப்புதான் இருக்கிறது. அந்த இடத்தைத்தான் நீங்கள் பிடுங்கினீர்கள். பிடுங்கிவிட்டு, ஆறு மணிக்கு ஒரு டியூஷன், ஏழரைக்கு இன்னொன்று, நடுவில் பெட்டிக்கடை வாசலில் பத்து நிமிஷம் என்று ஏற்பாடு செய்தீர்கள். அவனுக்கு மிஞ்சிய ஒரே மைதானம் அந்தப் பத்து நிமிஷம்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. ஹாக்கி ஊர். என் வகுப்பில் ஒருவன் எட்டாவதிலேயே தீப்பெட்டி ஆபீஸ் பின்சுவரில் சாய்ந்து பீடி குடிப்பான். டிரில் மாஸ்டர் பிடித்தார். செவிட்டில் ஒன்று விட்டார், அந்தக் காலம். மறுநாள் ஸ்டிக் மூட்டையையும், பஞ்சு பிதுங்கிய கோல்கீப்பர் பேடையும் அவன் தோளில் ஏற்றி, "சாயங்காலம் நாலரைக்கு நீதாம்ல கிரவுண்டுக்குத் தூக்கிட்டு வரணும்" என்றார். மூட்டை தூக்கப் போனவன் ரைட் பேக் ஆனான். பீடியை விட்டானா? இல்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் விட்டான். ஆனால் எங்கள் தெருவுக்குக் கஞ்சாப் பொட்டலம் வந்தபோது எங்கள் செட்டில் இரண்டு பேர் அதில் விழுந்தார்கள், ஒருவன் எழுந்திருக்கவே இல்லை. இவன் பக்கம் அது போகவில்லை. மனவுறுதி கினவுறுதி ஒன்றும் கிடையாது. பொட்டலம் கைமாறும் நேரத்தில் அவன் கரிசல் புழுதியில் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஐஸ்லாந்தில் இதைத்தான் அரசாங்கமே செய்தது. 1998இல் அங்கே 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் 5 சதவீதம். பெற்றோரோடு பேசினார்கள், இரவில் பிள்ளைகள் வெளியே சுற்றும் நேரத்தைக் கட்டுப்படுத்தினார்கள், விளையாட்டுக்கும் இசைக்கும் பணம் கொடுத்தார்கள். பணக்கார நாடு என்பீர்கள். வாலிபாலுக்கு ஒரு நெட்டும் இரண்டு கம்பமும் போதுமே! நம் பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார், திருப்பித் தந்ததாகச் சரித்திரமில்லை. நாலரைக்கு மேல் கேட்டுக்குப் பூட்டு. வருஷத்துக்கொரு நாள் அதே மைதானத்தில் வெயிலில் நிற்கவைத்து, கையை நீட்டச் சொல்லி, போதை எதிர்ப்பு உறுதிமொழி.

டிசியை வாங்காதீர்கள். காலில் விழவேண்டியிருந்தாலும் பரவாயில்லை. அவன் பகலிலும் அந்தக் கடைவாசலுக்குப் போய்ச்சேர அதைவிடக் குறுக்குவழி கிடையாது. பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. எத்தனை கடைமீது புகார் எழுதினீர்கள் என்று தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்.

புத்தகம் எதுவும் சொல்வதாக இல்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். முதலில் போனில் பேசத்தான் தோன்றுகிறது என்றால் 14446, கட்டணமில்லை. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், கஞ்சாவைப் பொறுத்தவரை அது முக்கியமான தகவல். இத்தனை பெரிய கடிதத்தில் பையனின் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவருக்கு சிகரெட், ஹான்ஸ் புகையிலை ஏதும் உண்டா? உண்டென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே ஓ.பி. சீட்டு வரிசைதான்.