கைரேகைக் கதவும் கேமராவும்: அட்மின் பாஸ்வேர்டு யார் கையில்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் சங்கத்தின் செயலாளர் நான். கைரேகை வைத்தால் திறக்கும் கதவு, 16 கேமரா, உறுப்பினர் பட்டியலும் காணிக்கைக் கணக்கும் வைக்க ஆன்லைன் மென்பொருள், அலாரம் அடித்தால் ஆயுதக் காவலர் வருகிற ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் எல்லாவற்றையும் ஒரே கம்பெனி செய்து தரும் என்று ஒரு ஏஜென்ட் ஒப்பந்தம் கொண்டுவந்திருக்கிறார். காலம் 60 மாதம். பாதுகாப்பைப் பற்றி அதில் ஒரே வரிதான்: “கம்பெனி தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பராமரிக்கும்.” இது போதும், ஏதாவது வெளியே கசிந்தால் கம்பெனிதான் பொறுப்பு என்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று கமிட்டி அவசரப்படுத்துகிறது. போடலாமா?

பதில்: போடாதீர்கள் ஐயா. அந்தக் கம்பெனி மோசமானது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஏஜென்ட் உங்களிடம் சொன்ன கடைசிப் பேச்சு தப்பு. தகவல் கசிந்தால் சட்டம் முதலில் வந்து தட்டுவது உங்கள் கோயில் கதவைத்தான்.

நாம் எல்லோரும் போப்பியா என்று சொல்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது. 2021 ஜூலை 1 முதல் அதை மீறினால் நடவடிக்கை உண்டு. உறுப்பினர்களின் பெயர், விலாசம், கைரேகை எல்லாம் எதற்குச் சேர்க்கிறோம், எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று தீர்மானிக்கிறவர் யாரோ அவரே அந்தச் சட்டத்துக்குப் பொறுப்பாளி. இங்கே அது உங்கள் சங்கம். கேமரா மாட்டுகிறவரும் மென்பொருளை நடத்துகிறவரும் உங்களுக்காக வேலை பார்க்கிறவர்கள், அவ்வளவுதான். 19-ஆம் பிரிவு பாதுகாக்கும் கடமையை உங்கள் தலையில் வைக்கிறது. 21-ஆம் பிரிவு, வேலை பார்க்கிறவரும் அதே பாதுகாப்பைக் கடைப்பிடிப்பார் என்பதை எழுத்து மூலமான ஒப்பந்தத்தால் உறுதி செய்துகொள் என்று உங்களுக்கே உத்தரவு போடுகிறது. பாதிக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர் 99-ஆம் பிரிவின் கீழ் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், “நாங்கள் அலட்சியமாக இல்லையே” என்ற பதில் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கிற அமைப்பான இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டர் விதிக்கக்கூடிய அபராதம் 10 மில்லியன் ராண்ட் வரை போகும்.

இப்போது அந்த ஒற்றை வரிக்கு வருவோம். சட்டத்தில் இருப்பதையே அது திருப்பிச் சொல்கிறது. யார், எதை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று ஒரு எழுத்துகூட இல்லை. கம்பெனி ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும், செய்யவில்லை என்று நாளைக்கு எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்?

இதில் பெரிய இடங்களே சறுக்கியிருக்கின்றன. 2021 செப்டம்பரில் நம் நாட்டு நீதித்துறை அமைச்சகத்தின் கணினிகளை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற வைரஸ் முடக்கிப்போட்டது. ரெகுலேட்டர் விசாரித்தபோது தெரிந்தது என்ன? வைரஸ் தடுப்பு, ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் கருவி, கண்காணிப்பு மென்பொருள் ஆகியவற்றின் லைசென்ஸ்கள் 2020-இலேயே காலாவதியாகிக் கிடந்தன. யாரும் புதுப்பிக்கவில்லை. சரிசெய்யச் சொல்லி உத்தரவு வந்தும் அசையாததால் 2023 ஜூலையில் 5 மில்லியன் ராண்ட் அபராதம். ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் முதலில் சேர்க்க வேண்டியது இது: எந்தெந்த லைசென்ஸ், எந்தத் தேதியில் முடிகிறது, புதுப்பிக்கும் செலவு யாருடையது, புதுப்பித்த ரசீதை எந்த மாதம் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். கேமராப் பெட்டியின் உள்மென்பொருளைக் குறைந்தது 3 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, புதுப்பித்தோம் என்று எழுதித் தர வேண்டும் என்பதையும் சேருங்கள்.

அடுத்தது பாஸ்வேர்டு. நான் பார்க்கிற ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இதைப் பற்றிப் பேச்சே இருக்காது. 2016-இல் மிராய் என்ற நிரல் உலகம் முழுவதும் ஏராளமான கேமராக்களையும், படத்தைப் பதிவு செய்கிற டிவிஆர் பெட்டிகளையும் கைப்பற்றியது. பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. ஃபேக்டரியிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தார்கள், அதை வைத்தே உள்ளே போய்விட்டது. 2022 மார்ச்சில் டிரான்ஸ்யூனியன் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் தென்னாப்பிரிக்கக் கிளையில் நடந்த திருட்டிலும், வாடிக்கையாளர் ஒருவருடைய கணக்கைப் பயன்படுத்தித்தான் உள்ளே வந்தார்கள். உங்கள் கோயிலில் கேமரா மாட்ட வருகிற பையன் தன் செல்போனிலேயே, எல்லாவற்றையும் மாற்ற அதிகாரமுள்ள அட்மின் கணக்கைத் திறந்து, ஏற்பாடு செய்து முடித்து, உங்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்துவிட்டுப் போவான். ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்கு மாறிவிடுவான். கணக்கு அவன் போனிலேயே இருக்கும். மூலஸ்தானத்துச் சாவியை வெள்ளையடிக்க வந்தவரிடம் விட்டுவிட்டு நடையைச் சாத்துகிறதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது.

அதனால் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்: வேலை முடிகிற அன்றே ஃபேக்டரி பாஸ்வேர்டு எல்லாம் மாற்றப்பட வேண்டும், அட்மின் கணக்கு சங்கத்தின் மின்னஞ்சலில் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், கம்பெனி ஆட்களுக்கு ஆளுக்கொரு தனிக் கணக்கு, பொதுக் கணக்கு கூடாது, வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதி ஒரு வேலைநாளுக்குள் நீக்கப்பட வேண்டும், யார் எப்போது உள்ளே வந்து பார்த்தார் என்ற பதிவை நீங்கள் கேட்டதும் தர வேண்டும். வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றுவதானால் உங்கள் எழுத்து அனுமதி வேண்டும்.

திருட்டோ கசிவோ நடந்தது என்று சந்தேகம் வந்தால் கம்பெனி உங்களுக்கு உடனே சொல்ல வேண்டும் என்று 21-ஆம் பிரிவே சொல்கிறது. அதற்கு ஒப்பந்தத்தில் ஒரு கெடு வையுங்கள்: தெரிந்த 24 மணி நேரத்துக்குள், போனிலும் எழுத்திலும். ஏனென்றால் ரெகுலேட்டருக்கும் உறுப்பினர்களுக்கும் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு 22-ஆம் பிரிவின்படி உங்களுடையது. கம்பெனி மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் பதில் சொல்ல நிற்கப்போவது நீங்கள். ஒப்பந்தம் முடிகிற நாளில் பட்டியல், படங்கள் எல்லாவற்றையும் திருப்பித் தந்து, தன்னிடம் உள்ளதை அழித்ததற்கு எழுதித் தர வேண்டும் என்பதையும் விடாதீர்கள்.

லோட்ஷெட்டிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு இப்போது குறைந்திருக்கிறது என்று பேட்டரி விஷயத்தில் ஏமாறாதீர்கள். கரன்ட் போனபின் கதவும் கேமராவும் குறைந்தது நாலரை மணி நேரம் ஓட வேண்டும், வருடம் ஒருமுறை சோதித்துக் காட்ட வேண்டும் என்று எழுதுங்கள். கரன்ட் இல்லாதபோது உள்ளே இருக்கிறவர்கள் கைரேகை இல்லாமலே வெளியே வர வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். காவடி நாள் கூட்டத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

இனி அந்த ஏஜென்டைப் பற்றி. இதைச் சொல்லாமல் என்னால் விட முடியாது. கடைகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, பயந்துபோன நம் ஜனங்களிடம் “நான் நம்ம ஆள்தான், கோயிலுக்கு என்பதால் லாபம் பார்க்கவில்லை” என்று வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் நீட்டுகிற காகிதக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கும். ஒன்று சர்வீஸ். இன்னொன்று சாமான்களுக்கான வாடகை. வாடகை ஒப்பந்தத்தைக் கையெழுத்தான கையோடு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, முழுப் பணத்தையும் அவர்களிடம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு கேமரா ஓடாவிட்டாலும், மாட்டினவர் கடையை மூடிவிட்டாலும், ஃபைனான்ஸ் கம்பெனிக்கு மாதாமாதம் நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும்; “சாமான் வேலை செய்யவில்லை என்பது வாடகையை நிறுத்தக் காரணமாகாது” என்று அதில் ஒரு ஷரத்து ஒளிந்திருக்கும். வருடாவருடம் வாடகை ஏறும் சதவீதமும் சின்ன எழுத்தில் இருக்கும். 60 மாதம் முடிந்தபின் சாமான் உங்களுடையதா என்றால் அதுவும் இல்லை. “உரிமை மாற்றம்” என்ற தலைப்பில் ஏதாவது இருந்தால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அடிக்க மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதே ஆட்கள்தான் போப்பியா சான்றிதழ் என்று ஒன்றையும் விற்கிறார்கள். அப்படிச் சட்டத்துக்கு இணங்கி நடப்பதாக ரெகுலேட்டர் யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. சங்கத் தலைவரைத் தகவல் அதிகாரியாகப் பதிவு செய்ய ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அந்தப் பதிவு இலவசம், ரெகுலேட்டரின் இணையதளத்தில் நீங்களே செய்யலாம்.

“பிடிக்காவிட்டால் 20 நாளில் ரத்து செய்துகொள்ளலாம்” என்றும் ஏஜென்ட் சொல்லியிருப்பார். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, 20 வேலைநாள் நோட்டீஸில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. காலமும் பொதுவாக 24 மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் இரண்டு பக்கமும் சட்டப்படியான அமைப்புகளாக இருந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது. அந்தச் சட்டத்தில் சங்கமும் டிரஸ்டும் கூட்டு வியாபாரமும் அமைப்புக் கணக்கில்தான் வரும், பதிவு செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும். உங்கள் கோயில் ஒரு கம்பெனியோடு கையெழுத்துப் போட்டால் 20 நாள் கிடையாது. மாட்டுகிறவர் கம்பெனி இல்லாமல் தன் சொந்தப் பேரில் தொழில் செய்கிற தனி ஆள் என்றால் கிடைக்கும். அப்போதும் சங்கத்தின் சொத்து மதிப்போ வருட வரவோ 2 மில்லியன் ராண்டைத் தொடாமல் இருக்க வேண்டும், நிலமும் மண்டபமும் உள்ள கோயில் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். குருக்கள் தன் வீட்டுக்கு, தன் பேரிலேயே அலாரம் போட்டுக்கொண்டால் அது தனிக்கதை, அவருக்கு அந்த உரிமை உண்டு. கோயிலுக்கு மிஞ்சுவது 1962-ஆம் ஆண்டின் ஒப்பந்த அபராதச் சட்டம்: நஷ்டத்துக்கு மீறிய அபராதத்தை நீதிமன்றம் குறைக்கலாம்.

அந்த நீதிமன்றம் எங்கே என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 20,000 ராண்ட் வரையிலான வழக்குகளுக்கு வக்கீல் செலவில்லாத சிறு வழக்கு மன்றம் இருக்கிறது. அங்கே தனி மனிதர் மட்டும்தான் வழக்குத் தொடரலாம். சங்கம் தொடர முடியாது. உண்டியல் காசில் நடக்கிற கோயிலை, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போ, வக்கீல் வை என்று சொல்கிறது இந்த ஏற்பாடு. ரெகுலேட்டரிடம் புகார் கொடுத்தாலும் பதில் வரக் காத்திருக்க வேண்டும். ஏமாற்றுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கைரேகையைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால் வேண்டாம் என்பேன். போப்பியாவில் கைரேகை தனிப் பாதுகாப்புக் கேட்கிற தகவல். மத நம்பிக்கையும் அப்படித்தான். உறுப்பினர் பட்டியல் வைத்துக்கொள்ளக் கோயில்களுக்கு 28-ஆம் பிரிவு அனுமதி தருகிறது, ஆனால் உறுப்பினர் சம்மதமில்லாமல் அதை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கக் கூடாது. பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. கமிட்டி ஆட்கள் பத்துப் பதினைந்து பேருக்குக் கார்டு போதும்.

பொறுப்பு வரம்பு என்ற ஷரத்தையும் பாருங்கள். “ஒரு மாதக் கட்டணத்துக்கு மேல் கம்பெனி பொறுப்பேற்காது” என்று இருந்தால், தகவல் கசிவுக்கும் அட்மின் கணக்கு விஷயத்துக்கும் அந்த வரம்பு பொருந்தாது என்று எழுதச் சொல்லுங்கள். முழுவதும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். குறைந்தது ஒரு வருடக் கட்டணத்துக்காவது ஏற்றுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கையெழுத்தைத் தள்ளிவைத்து, மேலே சொன்னவற்றைப் பின்னிணைப்பாகச் சேர்த்துத் தரும்படி கம்பெனிக்கு நேரே எழுதுங்கள், ஏஜென்ட் வழியாக வேண்டாம். தனியார் பாதுகாப்புத் தொழிலுக்கான ஆணையமான பிஎஸ்ஐஆர்ஏ-வில் கம்பெனியின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். கேமராவும் அலாரமும் மாட்டுகிறவர்களும் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். எழுதித் தர மறுத்தால் கேமராவை ரொக்கத்துக்கு வாங்கி மாட்டிக்கொண்டு, ஆர்ம்ட் ரெஸ்பான்ஸை மட்டும் ஒரு மாத நோட்டீஸில் நிறுத்தக்கூடிய ஒப்பந்தமாக வேறு இடத்தில் கேளுங்கள். அப்படித் தருகிறவர்கள் டர்பனில் இருக்கிறார்கள்.