கார்ட் வாங்க முதல்

கேள்வி: 2019இல் அப்பா எடுத்துத் தந்த கேமிங் பிசி. ரைசன் 5 2600, பி450 மதர்போர்ட், 8 ஜிபி ரேம் (ஒரே ஸ்டிக்), ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்ட், 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேசிங்கோடு வந்த 450 வாட் பவர் சப்ளை, 60 ஹெர்ட்ஸ் மொனிட்டர். வலொரன்டில் ஆட்கள் கூடிச் சண்டை பிடிக்கும் நேரத்தில் விட்டு விட்டு ஓடுகிறது. ஜிடிஏ 5இல் காரை வேகமாக ஓட்டினால் றோட்டும் கட்டடங்களும் பிந்தித்தான் வருகின்றன. புதிதாக வந்த கேம்களும் விளையாட ஆசை. கையில் ஒரு லட்சம் ரூபா அளவில் இருக்கிறது, கனடா மாமாவும் கொஞ்சம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். கடையில் கேட்டால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஏஎம்டியின் புதுச் சொக்கெட்டான ஏஎம்5இல் பிசி எடுக்கச் சொல்கிறார்கள். கூட்டாளிமார் கார்டை மட்டும் மாற்றச் சொல்கிறார்கள். எது சரி?
– வாசகர், உவர்மலை

பதில்: இரண்டையும் உடனே செய்ய வேண்டாம் தம்பி. நீங்கள் சொன்னது மூன்று முறைப்பாடு. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு பாகம். கார்டை மட்டும் மாற்றினால் ஒன்று தீரும், மற்ற இரண்டும் அப்படியே இருக்கும், காசும் முடிந்திருக்கும்.

முதலில் ஜிடிஏ. நீங்கள் ஓட்ட ஓட்ட அந்தக் கேம் அடுத்த தெருவை டிஸ்க்கிலிருந்து வாசித்துக்கொண்டே இருக்கும். ஹார்ட் டிஸ்க் நல்லபடி ஓடினாலே செக்கனுக்கு 150 எம்பி அளவுதான் தரும், அங்கொன்று இங்கொன்றாகக் கிடக்கும் சின்னக் கோப்புகளைத் தேடத் தொடங்கினால் அதுவும் தராது. 8 ஜிபி ரேமில் விண்டோஸ், குரோம், டிஸ்கோர்ட் எல்லாம் எடுத்தது போக மிச்சம் கொஞ்சம்தான், அது போதாமல் போகும்போது விண்டோஸ் அதே டிஸ்க்கைத்தான் ரேம் போலப் பாவிக்கப் பார்க்கும். றோட் பிந்தி வருவது இதனால்தான், இதில் கார்டுக்குப் பெரிதாகச் சம்பந்தமில்லை. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். சாட்டா வகை செக்கனுக்கு 550 எம்பி வரை போகும். உங்கள் போர்டில் எம்.2 சொக்கெட்டும் இருக்கும், அதில் என்விஎம்ஈ போட்டால் அதைவிடப் பல மடங்கு. ஆனால் கேமுக்குள் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை நீங்கள் உணரப்போவதில்லை, எது மலிவோ அதை எடுங்கள்.

அடுத்தது வலொரன்ட். இது கார்டைவிடப் புரொசசரைத்தான் வேலை வாங்கும். 1650 அதற்குத் தாராளம். ஆனால் நீங்கள் ரேமை ஒரே ஸ்டிக்கில் ஓடவிட்டிருக்கிறீர்கள். அந்தப் புரொசசருக்கு ரேமோடு பேச இரண்டு வழி இருக்கிறது, ஒன்று சும்மா கிடக்கிறது. போதாக்குறைக்கு ரைசனின் உள் இணைப்பு ரேமின் வேகத்தோடு சேர்ந்துதான் ஓடும், ரேம் மெதுவென்றால் புரொசசரும் மெது. டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்திப் பாருங்கள், வேகம் என்று ஒரு எண் இருக்கும். அங்கே 2133 அல்லது 2400 என்று நின்றால், ரேமின் பெட்டியில் 3000, 3200 என்று போட்டிருந்தும் பயோஸில் (பிசி தொடங்கும்போது திறக்கும் போர்டின் செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அந்தப் பெட்டி வேகத்தில் ஓடவிடும் செட்டிங்கை, யாரும் போட்டுவிடவில்லை என்று அர்த்தம். அதைப் போட ஒரு சதமும் செலவில்லை. 2600க்கு ஏஎம்டி சொல்லும் உச்சம் 2933, 3200இல் நிற்காமல் ரீஸ்டார்ட் ஆனால் 2933க்கு இறக்கிவிடுங்கள். அதே மாதிரி இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் தேடி எடுத்து, நான்கு சொக்கெட் இருந்தால் புரொசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை நெருப்பாக இருக்கிறது, அதனால் உங்கள் போர்டுக்குரிய டிடிஆர்4 வகை ரேமைப் பாவித்ததாக எடுப்பதில் குறையில்லை. ரேம் லேசில் பழுதாகிற சாமான் இல்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதிக்கும் மென்பொருளில் ஒரு இரவு ஓடவிட்டால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்.

நான் சொல்கிறேன் என்பதற்காகவும் வாங்க வேண்டாம், நீங்களே பாருங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, விளையாடும்போது திரையின் மூலையில் கார்ட் எத்தனை வீதம் வேலை செய்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். எஃப்பிஎஸ்ஸுக்கு, அதாவது செக்கனுக்கு எத்தனை படம் என்பதற்கு, கட்டுப்பாடு ஒன்றும் போடாமல் ஓடும்போது 97, 98 என்று நின்றால் கார்ட் தன்னால் முடிந்ததைச் செய்கிறது, தடை அதுதான். 55, 60 என்று ஆடிக்கொண்டிருக்க எஃப்பிஎஸ் விழுந்தால் கார்ட் சும்மா நிற்கிறது, அதற்கு வேலை கொடுக்கப் புரொசசரால் அல்லது ரேமால் முடியவில்லை. இன்னொரு சோதனையும் உண்டு. ரெசொலூஷனை 720க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறாவிட்டால் எத்தனை பெரிய கார்ட் போட்டாலும் ஏறாது. இந்த இரண்டையும் பார்க்காமல் கடைக்குப் போகவே வேண்டாம்.

மூன்றாவது, புதுக் கேம். இங்கேதான் உண்மையில் கார்ட் தேவை. 4 ஜிபி என்பது இப்போது வருகிற பெரிய கேம்களுக்குப் போதாது, ரே டிரேசிங் (ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணித்து வரையும் வசதி) இல்லாத கார்டில் தொடங்கவே தொடங்காத கேம்களும் 2024 கடைசியிலிருந்து வரத் தொடங்கிவிட்டன. உங்கள் 1650 அந்த வசதி இல்லாத வகை. 1080 மொனிட்டருக்கு ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி அல்லது ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, இந்த இரண்டுக்குள் எது நல்ல விலைக்குக் கிடைக்கிறதோ அது. 3060க்குக் கொஞ்சம் கூடக் கேட்டால் நான் கொடுப்பேன், அந்த 12 ஜிபி இன்னும் சில வருடத்துக்குக் கைகொடுக்கும்.

ஆனால் அதற்கு முதல் கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றி, பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் லேபிளை டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சின்ன அட்டவணை இருக்கும். அதில் +12V என்ற நிரலுக்குக் கீழே எத்தனை அம்பியர் என்று போட்டிருப்பார்கள், அதை 12ஆல் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றிருந்தால் 216 வாட். புரொசசரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்டில்தான், ஆக வெளியில் பெரிதாக 450 என்று எழுதியிருந்தாலும் உங்கள் கையில் இருப்பது 216. இப்போதுள்ள 1650 ஏறக்குறைய 75 வாட் எடுக்கிறது, அதனால் இதுவரை தப்பியிருக்கிறீர்கள். 6600க்கு 132 வாட் வேண்டும், 3060க்கு 170. கேசிங்கோடு சும்மா வந்த பவர் சப்ளையில் இவற்றைக் கொழுவ வேண்டாம், போகும்போது அது தனியாகப் போகாது, போர்டையும் கார்டையும் சேர்த்துக்கொண்டுதான் போகும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் முத்திரையுள்ள, பெயர் தெரிந்த கம்பனியின் 550 வாட் ஒன்று எடுங்கள். இது எஃப்பிஎஸ்ஸில் தெரியாத செலவு என்பதால் எல்லோரும் கடைசியில் வைக்கிறார்கள். நான் கார்டுக்கு முன்னால் வைக்கிறேன்.

ஏஎம்5க்குப் போகச் சொன்னார்கள் என்றீர்கள். அதற்குப் புதுப் போர்ட், புதுப் புரொசசர், கூடவே டிடிஆர்5 ரேம் வேண்டும், ஏனென்றால் ஏஎம்5இல் டிடிஆர்4 ஏறாது. ரேம் விக்கிற விலையில் உங்கள் ஒரு லட்சம் அதிலேயே கரைந்துவிடும், கார்ட் பழைய 1650ஆகவே இருக்கும், புதுக் கேம் ஆசை அப்படியே நிற்கும். உங்கள் ஏஎம்4 போர்டுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. ரேமும் கார்டும் போட்ட பிறகும் வலொரன்டில் விழுகிறது என்றால் 2600ஐக் கழற்றிவிட்டு ரைசன் 5 5600ஐப் போடலாம், அதே சொக்கெட், 65 வாட்தான், பெட்டிக்குள் கூலரும் வரும். அதற்கு முதல் பழைய புரொசசர் போர்டில் இருக்கும்போதே பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சில நிமிடத்துக்குள் கரண்ட் போனால் போர்ட் செத்துவிடக்கூடும். யூபிஎஸ் இல்லாத வீடென்றால் இருக்கிற கூட்டாளி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கள், மழையும் இடியும் இருக்கிற மாரிப் பின்னேரத்தில் தொடவே வேண்டாம்.

வாங்குவது எங்கே என்பதும் முக்கியம். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கடைகளுக்குப் போன் எடுத்து விலை கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு இங்கே திருகோணமலை டவுனில் கேளுங்கள். சில ஆயிரம் வித்தியாசம் என்றால் இங்கேயே எடுங்கள். கார்ட் பழுதானால் வொரன்டிக்காகக் கொழும்புக்கு அனுப்பி, திரும்பி வரும்வரை போன் அடித்துக்கொண்டிருக்கிற அலைச்சலுக்கு அந்தக் காசு பெறும்.

எஸ்எஸ்டி, ரேம், பவர் சப்ளை, பிறகு கார்ட். மாமாவின் காசு வரும்வரை கார்ட் காத்திருக்கட்டும். முதல் இரண்டையும் போட்டு ஒரு மாதம் விளையாடிப் பாருங்கள்.

கேள்வி: ஒருவர் ஜிடிஎக்ஸ் 1060 ஒன்றும், இன்னொருவர் ஆர்எக்ஸ் 580 ஒன்றும் விற்கிறார்கள். இரண்டும் கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங்கில் ஓடியதாக இருக்கலாம் என்று பயமாக இருக்கிறது. எதை எடுக்கலாம்?
– வாசகர், கிண்ணியா

பதில்: மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒரு கார்டைத் தள்ள மாட்டேன். ஒரே சூட்டில் நின்று ஓடிய கார்டைவிட, தூசி அடைத்த கேசிங்குக்குள் சூடேறி ஆறிச் சூடேறி ஆறி ஓடிய கார்ட் மோசமாக இருக்கலாம். தேய்வது ஃபேன், காய்வது தெர்மல் பேஸ்ட், இரண்டும் மாற்றக்கூடியவை.

என் கவலை வேறு. 1060 வந்தது 2016இல், என்விடியா அந்தத் தலைமுறைக்குக் கேம் ட்ரைவர் கொடுப்பதை 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். அதிலும் 3 ஜிபி என்று ஒன்று உண்டு, அது மெமரியில் மட்டுமல்ல, உள்ளே கோர்களிலும் குறைந்தது. 580இல் 2048எஸ்பி என்று ஒரு குறைந்த வகை சுற்றுகிறது, பெட்டியில் வெறும் 580 என்றிருக்கும். ஜிபியூ-இஸட் என்ற சின்ன மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய் விற்பவர் வீட்டிலேயே ஓடவிட்டுப் பாருங்கள், ஷேடர் என்ற இடத்தில் 2304 என்று காட்டினால் அசல் 580. பிறகு அரை மணித்தியாலம் ஏதாவது கேமை ஓடவிட்டு, திரையில் புள்ளி, கோடு வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓடவிட்டுக் காட்ட மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். கார்டின் பின்தகட்டு ஆணிகளில் துருவோ பச்சை பூத்ததோ இருந்தால் கடற்கரைக் காற்றில் நெடுநாள் கிடந்திருக்கிறது, அதுவும் வேண்டாம்.

பழைய கேம்கள் மட்டும்தான், விலையும் நல்ல மலிவு என்றால் அசல் 580 8 ஜிபி. இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு 6600 ஒன்றையே தேடுங்கள்.

கேள்வி: வீடு கடற்கரைக்குக் கிட்ட. ஆடி, ஆவணி மாதத்தில் பின்னேரம் விளையாடிக்கொண்டிருக்கும்போது பிசி பொசுக்கென்று நின்றுவிடுகிறது. காலையில் பிரச்சினையே இல்லை. புரொசசர் பழசாகிவிட்டதா?
– வாசகர், நிலாவெளி

பதில்: புரொசசர் பழசானால் காலையிலும் பழசுதான். இது சூடு. கச்சான் காற்று வீசும் மாதத்தில் அறையே காய்ந்து கொதிக்கும்போது, கூலருக்குள் இழுபடும் காற்றும் சூடாகத்தான் இருக்கும், அதோடு மணலும் உப்புத் தூசியும். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுச் சூட்டைப் பாருங்கள். 95 பாகையைத் தொட்டுக்கொண்டு நின்றால் காசைச் செலவழிக்காமல் துப்புரவு செய்யுங்கள். பிளக்கைக் கழற்றி, முற்றத்துக்குக் கொண்டுபோய், ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊதி எடுக்க வேண்டும். பிடிக்காமல் ஊதினால் கன்னாபின்னாவென்று சுற்றி பெயாரிங் போய்விடும். கூலரைக் கழற்றிப் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிது பூசுங்கள். ரேமின் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெல்ல உரசித் துடையுங்கள், உப்புக்காற்று முதலில் பிடிப்பது அங்கேதான். ஜன்னலோரத்திலிருந்து கேசிங்கை நகர்த்துங்கள்.

சூடு 80க்குள் இருந்தும் நின்றால் சந்தேகம் பவர் சப்ளை மேல். நிற்கிற நேரத்தில் வீட்டு லைட்டும் மங்குகிறதென்றால் லைன் வோல்டேஜ், அதற்கு வோல்டேஜைச் சீராக்கும் ஏவிஆர் உள்ள யூபிஎஸ்.

கேள்வி: மகன் ஏ.எல். படிக்கிறார். ஏழாம் தலைமுறை ஐ5 பிசி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 11 இதில் ஏறாது, புரொசசரை மட்டும் மாற்றினால் சரி என்கிறார். கேம் விளையாடத்தான் கேட்கிறாரோ என்று யோசனையாக இருக்கிறது.
– ஒரு தாய், பாலையூற்று

பதில்: ஏறாது என்று மகன் சொன்னது சரி அம்மா. இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 11க்கு அனுமதிக்கிறது, விண்டோஸ் 10இன் ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. ஆனால் புரொசசரை மட்டும் மாற்ற முடியாது. எட்டாம் தலைமுறைச் சிப் அந்தப் போர்டின் சொக்கெட்டில் பார்க்கப் பொருந்துகிற மாதிரித்தான் இருக்கும், வேலை செய்யாது. இந்த விஷயம் தெரியாமல் சிப்பை வாங்கி வந்து நிற்பவர்கள் நிறையப் பேர். உவர்மலைத் தம்பிக்கு வேண்டாம் என்று சொன்னதை உங்களுக்குச் செய்யச் சொல்கிறேன்: போர்ட், புரொசசர், ரேம் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். அவரது போர்டில் இன்னும் ஏற இடமிருக்கிறது, உங்களுடையதில் இல்லை.

அவசரமில்லை. விண்டோஸ் 10க்கு நீடித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்று 2026 ஒக்டோபர் 13 வரை இருக்கிறது, செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் மகனே பதிந்துகொள்ளலாம். பரீட்சை அதற்குள் முடிகிறதென்றால் அதுவரை பொறுத்து மாற்றுங்கள். கேமுக்காகவும் கேட்கிறாராக இருக்கும், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை, இருத்தி வைத்துக் கேட்டால் சொல்லுவார். கேசிங், மொனிட்டர், எஸ்எஸ்டி இருந்தால் அது, எல்லாம் பழையதே போதும். பழைய போர்டையும் சிப்பையும் ரேமையும் கழற்றித் தனித்தனியாக விற்க விடாதீர்கள். ரேமை உடனே யாராவது கொண்டுபோவார்கள், போர்ட் வீட்டில் மிஞ்சும். மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தால் கடைக்கோ ஒபிஸ் வேலைக்கோ பிசி தேடுகிற ஒருவர் எடுப்பார்.