கோட்டைக்குக் காலை, கடலுக்கு மாலை: வாசகர் கேள்வி பதில்

பழவேற்காடு முதல் தரங்கம்பாடி வரையிலான கடற்கரையில் ஐரோப்பியர் விட்டுப்போன கோட்டைகள், அவற்றை ஒட்டிய கடற்கரைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

நான்கு நாள் விடுமுறை. சென்னையிலிருந்து காரில் கிளம்புகிறோம். பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயது அம்மாவும் உடன் வருகிறார்கள். கடலும் வேண்டும், கோட்டையும் வேண்டும். எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம்?
(தாம்பரம் வாசகி)

ஊரைத் தீர்மானிப்பதற்கு முன் கிழமையைத் தீர்மானியுங்கள். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கள். நீண்ட வார இறுதி என்று வெள்ளியன்று கிளம்புகிறவர்கள் முதல் நாளே பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். வியாழன் காலை கிளம்பினால் எல்லாம் திறந்திருக்கும்.

வியாழன் காலை புனித ஜார்ஜ் கோட்டை. உள்ளே தலைமைச் செயலகம் இருப்பதால் வேலை நாளில் சோதனை உண்டு. எல்லோரும் அடையாள அட்டை வைத்திருங்கள்; பெரிய பைகளைக் காரிலேயே விட்டுவிடுங்கள். 1680-ல் திறந்த புனித மேரி தேவாலயத்தையும், 1795-ல் கட்டிய அருங்காட்சியகக் கட்டடத்தையும் பார்த்தால் போதும், இரண்டரை மணி நேரம் ஆகும். தேவாலயத்தின் கூரையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள் பிள்ளையிடம். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று தடிமனாக, வளைவாகக் கட்டியது அது. அருங்காட்சியகத்தில் அம்மா கீழ்த்தளத்தோடு நின்றுகொள்ளலாம். அன்று இரவு மாமல்லபுரத்தில் தங்குங்கள்.

வெள்ளி காலை 8 மணிக்கு அங்கிருந்து சுமார் 15 கி.மீ. தெற்கே சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை. கிடங்குகளின் மிச்சமும் 17, 18-ம் நூற்றாண்டுக் கல்லறைகளும் உள்ளே இருக்கின்றன. கல்லறைகள் இருக்கும் இடம் பெரும்பாலும் பூட்டியிருக்கும். காவலரிடம் கேட்டால் திறந்து காட்டுவார். டச்சு எழுத்தும் குலச்சின்னமும் செதுக்கிய அந்தப் பலகைக்கல் வேலைப்பாட்டைப் பார்க்காமல் திரும்பினால் போனதில் பாதி வீண். நிழல் கிடையாது, கழிப்பறையை நம்ப முடியாது. அதனால்தான் 8 மணி. மதியத்துக்குள் புதுச்சேரி, மாலை கடற்கரைச் சாலை.

சனி காலை புதுச்சேரியில் நடை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி. மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தங்குமிடங்கள் சில மட்டுமே, வார இறுதியில் நிரம்பிவிடும். இடம் கிடைக்காவிட்டால் சுமார் 15 கி.மீ. தள்ளி காரைக்காலில் தங்கலாம்.

ஞாயிறு காலை தரங்கம்பாடிக் கோட்டை, ராஜா வீதி. 11 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். விழுப்புரம், திண்டிவனம் வழியே திரும்புங்கள். ஞாயிறு மாலை ஈசிஆரில் மாட்டிக்கொள்வது விடுமுறைக்குக் கட்டும் அபராதம்.

பிச்சாவரத்தை இந்த நான்கு நாளுக்குள் திணிக்க வேண்டாம். சிதம்பரத்திலிருந்து பக்கம்தான், ஆனால் காத்திருப்பு, படகு, திரும்பி வருவது என்று அரை நாளைத் தின்றுவிடும். ஐந்தாவது நாள் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் துடுப்புப் படகு கேளுங்கள். அலையாத்தி மரங்களுக்கு நடுவே உள்ள ஒடுக்கமான கால்வாய்களுக்குள் மோட்டார் படகு போகாது.

கோட்டையைக் காலையிலும் கடலை மாலையிலும் பார்க்கச் சொல்கிறீர்கள். சூரிய உதயம் கடலில்தானே? கடலுக்குக் காலையில் போவதுதானே அழகு?
(ஈரோடு வாசகர்)

உதயத்துக்குப் போங்கள், ஆனால் 7 மணிக்கே திரும்பிவிடுங்கள். கிழக்குக் கரையில் அதற்குப் பிறகு வெயில் நேரே முகத்தில் அடிக்கும். மாலையில் சூரியன் முதுகுப்பக்கம் நிலத்தில் இறங்கும், கடற்காற்றும் இருக்கும், மணலும் சூடு தணிந்திருக்கும். கோட்டைகளோ வெட்டவெளி. 10 மணிக்கு மேல் சுற்றினால் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கப் பொறுமை இருக்காது. கோட்டையின் கடலைப் பார்த்த முகத்தைப் படமெடுக்கவும் காலை வெளிச்சம்தான் சரி.

எந்த மாதம் போகலாம்? குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான்.
(திருச்சி வாசகி)

பொங்கல் கூட்டம் வடிந்ததிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை அருமையான காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நவம்பர், டிசம்பரில் புயல் வந்தால் கடற்கரையையே மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் முன்பதிவு செய்வதானால் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள்.

மே மாதம்தான் வழி என்றால் ஊர்களைப் பாதியாகக் குறையுங்கள். புதுச்சேரி, தரங்கம்பாடி இரண்டு மட்டும். காலை 6 முதல் 9 வரை, மாலை 5-க்கு மேல் வெளியே, நடுப்பகல் அறையில். இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன் மட்டும் கரைக்கு வரும். கடலோர ஊர் என்று வஞ்சிரத்தை நினைத்துக்கொண்டு போனால் விலையைக் கேட்டுச் சாம்பார் சாதத்துக்கு மாறிவிடுவீர்கள்.

புதுச்சேரியில் 1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய வீடுகள் எந்தத் தெருவில் இருக்கின்றன?
(மதுரை வாசகர்)

எந்தத் தெருவிலும் இல்லை. பிரெஞ்சு வணிகக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் வந்து காலூன்றியது 1674-ல். ஆனால் 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து, கோட்டையையும் வெள்ளையர் குடியிருப்பையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகு பழைய தெருக்கோட்டின் மேலேயே மறுபடி கட்டினார்கள். ஆகவே தெருக்களின் அமைப்பு பழையது, சுவர்கள் அதற்குப் பிந்தியவை. துய்மா வீதி, ரொமேன் ரோலான் வீதி, சுய்ஃப்ரேன் வீதி மூன்றையும் காலை 7 மணிக்கு நடந்தால் வண்டிகள் நிறுத்தியிருக்காது, முகப்புகள் முழுதாகத் தெரியும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலோர் செய்கிற தவறு அது. கால்வாயைத் தாண்டித் தமிழர் பகுதிக்குள் போங்கள். தெருவை ஒட்டிய தாழ்வாரம், திண்ணை, அதற்கு மேல் பிரெஞ்சுப் பாணி மாடி என்று ஒரே வீட்டில் இரண்டு ஊர் இருக்கும். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, 1761-ன் இடிப்புக்குத் தப்பியது, அதுவும் இந்தப் பக்கம்தான். கீழே மரத்தூண், மேலே சுண்ணாம்புத் தூண். உள்ளே பார்க்க முன் அனுமதி வேண்டும். கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை. வயதானவர்கள் நடக்க அந்த நேரம் நல்லது.

புதுச்சேரிக் கடற்கரையில் மணலே இல்லையே, வெறும் கல்தானே?
(நாமக்கல் வாசகர்)

இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல்சுவர் கட்டியதும் மணல் அங்கேயே தேங்கிவிட்டது. வடக்கே இருந்ததை அலை அரித்துப்போனது. கரையைக் காக்கக் கொட்டியவைதான் அந்தக் கற்கள். அவற்றின் மேல் இறங்கிப் படமெடுக்க வேண்டாம், ஈரப்பாசி சறுக்கும்.

அலையில் குழந்தைகளைக் குளிக்க விடலாமா?
(கரூர் வாசகி)

முழங்கால் அளவுக்கு மேல் வேண்டாம், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில். அலை உயரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அலை இல்லாத இடத்தைத் தேடிப் போகிறார்கள். அங்கேதான் ஆபத்து. இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கருமையாகத் தெரிந்தால், கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி அது. ஆளையும் சேர்த்து இழுக்கும். கல்சுவரை ஒட்டிய இடங்களில் இது அடிக்கடி உண்டாகும். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துவிடுவீர்கள். மிதந்தபடி கையை உயர்த்துங்கள்; நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து கரையேறுங்கள்.

கடலூரில் புனித டேவிட் கோட்டையைத் தேடி அலைந்தோம். ஒன்றுமே இல்லை. ஏமாற்று வேலையா?
(விருத்தாசலம் வாசகர்)

கோட்டையை 1758-ல் லாலி தலைமையில் பிரெஞ்சுப்படை பிடித்து இடித்துவிட்டது. அது இருந்த தேவனாம்பட்டினத்தில் இப்போது சிதைவுகள்தான். அந்தக் கோட்டையின் அடையாளம் ஊர்ப்பெயரில் இருக்கிறது. 1690-ல் ஆங்கிலேயர் அதை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரையுள்ள நிலமும் சேர்த்து என்று பேச்சு. சுட்டு எல்லை குறித்தார்கள். அந்த எல்லைக்குள் வந்தவை குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயரை இன்றும் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த 1746 முதல் 1752 வரை ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் இதுதான். இதற்காகத் தனியே ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். புதுச்சேரியிலிருந்து தெற்கே போகும்போது சில்வர் பீச்சில் ஒரு மணி நேரம் நின்று போங்கள்.

தரங்கம்பாடிக்கு ரயிலில் போக முடியுமா? அரை நாள் போதுமா?
(சென்னை வாசகர்)

மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து சுமார் 30 கி.மீ. பஸ். அரை நாளில் பார்த்துவிடலாம். இரவு தங்கினால்தான் ஊர் பிடிபடும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே கோட்டைக்கு ஓடாதீர்கள். 1792-ல் கட்டிய நகர வாயிலில் தொடங்கி ராஜா வீதியில் கடலை நோக்கி நடங்கள். 1701-ன் சீயோன் தேவாலயம், 1718-ன் புதிய எருசலேம் தேவாலயம் இரண்டும் இந்த வழியில். 1706-ல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர், அடக்கமாகியிருப்பது பின்னதில். கடைசியில் கோட்டை: 1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்கிலிருந்து வந்த டேனியர் கட்டியது, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றது. பக்கத்தில் மாசிலாமணி நாதர் கோயில், 1306-ல் பாண்டியர் எழுப்பியது. முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது.

கோட்டைச் சுவரில் செங்கல் மாவாக உதிர்வதைப் பார்ப்பீர்கள். உப்புநீர் செங்கல்லுக்குள் ஏறி, வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகி, உப்பு உள்ளேயே பூத்து மேல்தோலைத் தள்ளுகிறது. பழைய சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சேதம் அதிகம். அதனால் மதில் விளிம்பில் உட்காராதீர்கள், உறுதியாகத் தெரியும் கல்லும் பெயர்ந்துவிடும்.

பழவேற்காட்டையும் சேர்க்கலாமா?
(ஆவடி வாசகர்)

அது வடக்கே, சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. தனியாக ஒரு நாள் போய் வாருங்கள். டச்சுக்காரரின் கெல்ட்ரியா கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது. வாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டம்தான் பார்க்க வேண்டியது. ஏரியில் படகேறச் சொல்லி அழைப்பார்கள். உயிர்காப்பு உடை இல்லையென்றால் ஏறாதீர்கள்.